பக்கத்து சீட்டுக் கால்

அத்தியாயம் 14

மாஸ்டர் நியாயமானவர். வீட்டில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களை உட்கார வைத்து அவரே விளக்குவார்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவர் அறிவித்ததும் நியாயம்தான். மருமகள் என்பதற்காகச் சலுகை கிடையாது. அக்கரைக்காரி என்பதற்காகக் கெடுபிடியும் கிடையாது. அவருடைய டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்க வருகிற யாருக்கும் என்ன சோதனையோ அதேதான் அவளுக்கும். ஒரே பாதை. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. இரண்டிலும் சேர்த்து வண்டி பத்து தடவைக்கு மேல் ஜெர்க் அடித்தால் கையெழுத்து கிடையாது.

சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். அவர் மகன் பெரியவன், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் முன்பு அவனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த அண்ணி, மெதுவாகத் தண்ணீர் குடித்தாள். மகள் சின்னவள் மட்டும், பின் சீட்டில் உட்கார்ந்து ஜெர்க்கை எண்ணப்போவது யார் என்று கேட்டாள்.

நீதான் என்று குழாயடியிலிருந்து பதில் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வீட்டில் எப்போதும் வேலை கிடைத்துவிடும்.

ஆக, இந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சின்னவள் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் காரின் பின் சீட்டில் இருந்தாள். மடியில் அட்டை, கையில் பேனா. முன்னால் ஸ்டியரிங்கில் அண்ணி. பக்கத்து சீட்டில் மாஸ்டர், துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி.

பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் சொல்லிக்கொடுக்கிறவர் அழுத்துவதற்கு. நிஜமான ஆபத்து தவிர முப்பத்தொரு வருஷத்தில் அதைத் தொட்டதில்லை என்பது மாஸ்டரின் பெருமைகளில் இரண்டாவது. முதலாவது, ஒரு ஆள் வண்டியில் ஏறி உட்காருகிற தோரணையிலேயே அந்த ஆளுக்கு எத்தனை நாளில் வண்டி வரும் என்று சொல்லிவிடுவது.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அண்ணியின் பயிற்சியாளர் விண்ணப்பத்தை, மாஸ்டர் கையெழுத்தோடு, மாஸ்டரே நேரில் கொண்டுபோய் லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை பெண்கள் வகுப்பு கிடையாது. அதை எடுத்துவந்த அம்மா, முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அண்ணியோ இந்த வேலையை நம்பிப் பழைய வேலையை விட்டாயிற்று. அக்கரைக் கிடங்கில் நாலு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளை அடுக்கடுக்காகத் தூக்கி, ஒன்றோடு ஒன்று உரசாமல் இறக்கி வைத்தவள். அவள் இடத்துக்குப் போன மாதமே வேறு ஆள் வந்துவிட்டார். அதாவது இன்று கையெழுத்து விழாவிட்டால் ஒரு வருஷம் அவள் மாடியில் உட்கார்ந்து மாமியார் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஃபோர்க்லிஃப்ட்டைப் பற்றி மாஸ்டரிடம் பெரியவன் ஒரு தடவை பேச்செடுத்தான். அது வண்டியா என்று கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அக்கரை ஆட்களைப் பற்றி மாஸ்டருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உழைப்பாளிகள் என்பார். மனசு வெள்ளை என்பார். கால்தான் பாரம். தலைமுறை தலைமுறையாக ஆற்றுச் சேற்றில் நடந்த கால்கள், மிதித்தால் முழுசாகத்தான் மிதிக்கும், பாவம், அது அவர்கள் தப்பா? அதனால் இக்கரைக்காரர்களுக்கு இருபத்தொரு நாள் பயிற்சி என்றால், அக்கரைக்காரர்களுக்கு அதே கட்டணத்தில் முப்பது நாள். அக்கரையில் சேறு போய் நாற்பது வருஷமாகிறது, இப்போது அங்கே எங்கு பார்த்தாலும் சிமென்ட் தரையும் கிடங்கும்தான் என்று யாராவது சொன்னால், கால் மறக்காது என்பார். ஒன்பது நாளைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற மனுஷரிடம் யார் சண்டை போடுவது?

வண்டி கிளம்பியது. சுத்தமாகக் கிளம்பியது. கிளட்ச் விட்டது தெரியவில்லை, கியர் மாற்றியது தெரியவில்லை. சின்னவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது.

பேக்கரி முனையில் முதல் ஜெர்க்.

எதிரே ஒன்றுமில்லை. திருப்பத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது. வண்டி திடீரென்று மூக்கைக் குத்தி, மறுபடி நிமிர்ந்து ஓடியது. சின்னவள் ஒரு கோடு போட்டாள். மாஸ்டர், பரவாயில்லைம்மா, நிதானமா மிதி என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கலாம்.

பள்ளிக்கூட வாசலில் இரண்டு. மேம்பாலச் சரிவில் ஒன்று. ஆஸ்பத்திரி வளைவில் ஒன்று. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுக்கும்போது சின்னவளுக்கு அண்ணி மேல் எரிச்சலாக வந்தது. இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தவள் அவள். அக்கரையாவது இக்கரையாவது என்று வீடு அதிரக் கத்தியவள். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலைக் கொஞ்சம் லேசாக வைத்தால் என்ன இவளுக்கு?

அப்படித்தான் நினைத்தாள், கால் என்று. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

ஆறாவது, தபால் நிலையத்துக்கு முன். ஏழாவது, தபால் நிலையத்துக்குப் பின். ஏழாவதில் வண்டி அடித்த அடியில் பேனா கையை விட்டுப் பறந்து, முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. சின்னவள் குனிந்தாள். கியர் கம்பிக்கு அந்தப் பக்கம், அப்பாவின் கறுப்பு ஷூ தெரிந்தது. பெடல் மேல்.

பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்திருக்கலாம். ஏனோ நிமிரவில்லை.

வண்டி தண்ணீர்த் தொட்டி முனையை நெருங்கியது. ஷூ மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, கீழே போனது. வண்டி ஜெர்க் அடித்தது. ஷூ மேலே வந்தது. மேலிருந்து அப்பாவின் குரல், பரவாயில்லைம்மா என்றது.

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். திரும்பி வருகிற வழியில், டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு முன்பே, இன்னொரு தடவை. முதலில் ஷூ. பிறகு ஜெர்க். பிறகு பரவாயில்லைம்மா.

மாஸ்டர் இறங்கி நின்று, எத்தனை என்று கேட்டார். சின்னவள் ஒன்பது என்றாள். வாய் எண்ணைச் சொல்லியது. வேறு எதையும் சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம். மதியம் ஒன்றுதான் மிச்சம், பார்த்துக்கோம்மா என்று மருமகளிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

*

அலுவலக அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த பலகை. அதற்குப் பக்கத்தில் சின்னவள் தன் கைப்பட வரைந்து ஒட்டிய கம்ப வரைபடம்: வண்டி ஓட்டக் கற்க ஆகும் சராசரி நாட்கள், பத்து வருஷப் பதிவேட்டிலிருந்து. இக்கரை நீலம். அக்கரை ஆரஞ்சு. ஆரஞ்சு எப்போதும் உயரம். கல்லூரி முடித்த வருஷம் வரைந்தது. அப்பா சொல்வது வெறும் பேச்சில்லை, கணக்கே அப்படித்தான் சொல்கிறது என்று தோழிகளிடம் வாதாடியிருக்கிறாள். அதற்காக அக்கரை ஆட்களை மட்டமாக நினைக்கக் கூடாது என்றும் அடுத்த வாக்கியத்தில் சேர்த்துக்கொள்வாள். அடுத்த வாக்கியம் இருந்ததால் முதல் வாக்கியம் உறுத்தவில்லை.

இப்போது அந்த ஆரஞ்சுக் கம்பங்களைப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கறுப்பு ஷூ தெரிந்தது.

அண்ணி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிதானமாக. சின்னவள் கதவைச் சாத்திவிட்டு, தான் பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். அண்ணி மென்று விழுங்கினாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“அவர் பெடல்லேருந்து என் பெடலுக்கு ஒரு கம்பி இழுக்குது சின்னு. அவர் அழுத்தினா என் பெடல் என் காலுக்குக் கீழ தானா இறங்கும், நான் அழுத்தினா அவரது அசையாது. இந்த வண்டியில ஓட்டிப் பழகின மூணாவது நாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“யார்கிட்ட? என்னன்னு? நான் அழுத்தலை, மாமாதான் அழுத்துறாருன்னா? வண்டி ஓட்டத் தெரியலை, பழியைத் தூக்கிப் பெரியவர் மேல போடுறா, அக்கரைப் புத்தியைக் காட்டிட்டா. ஒரு ஜெர்க்குக்கு மூணு கெட்ட பேரு கிடைச்சிருக்கும் எனக்கு.”

மறுபடி ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு சுவரைக் காட்டி, அந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டாள். அண்ணிக்குத் தெரியாமல் இல்லை, கீழே மூலையில் கையெழுத்தே இருக்கிறது.

“கலர் நல்லாப் பண்ணியிருக்க” என்றாள்.

சின்னவள் எழுந்து மாடிக்கு ஓடினாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். அம்மா கூடத்தில் காலை ஸ்டூல் மேல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கொட்டாவி விட்டாள்.

கல்யாணமான புதுசில் தான் ஓட்டும்போதும் அப்படித்தான் என்றாள். அப்போது பெண்களுக்குக் கால் பாரம் என்று ஒரு பேச்சு இருந்ததாம். சொன்னால் சண்டைக்கு வருவாராம். அவருக்கே தெரியாது, பொய் சொல்கிற மனுஷர் இல்லை, கால் தனியாக ஒரு குடித்தனம் நடத்துகிறது என்றாள்.

“எப்பம்மா நிறுத்தினாரு?”

அம்மா விரல் விட்டு எண்ணினாள். “எட்டு வருஷத்துல தானா நின்னுடுச்சு.”

மணி ஒன்றேகால். எட்டு வருஷத்துக்கு நேரமில்லை.

வாசல் பக்கம் திரும்பியவளை அம்மா கூப்பிட்டாள். அந்தப் பெடலை மாட்டியபோது கூடவே ஒரு பஸ்ஸர் வந்தது, பக்கத்து சீட்டில் அழுத்தினால் கத்தும், தலைவலி என்று அவர்தான் ஒயரைப் பிடுங்கிவிட்டார் என்றாள். இதைத் தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். தான் இன்னும் இந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்றாள்.

*

டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயர்கள் வாலை நீட்டிக்கொண்டு தொங்கின. அண்ணிக்கு இரண்டு நிமிஷ வேலை. கிடங்கில் வண்டிக்கு ஒயரிங் பார்த்ததெல்லாம் அவள்தான். ஆனால் கிட்டே வரமாட்டேன் என்றுவிட்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறடி தள்ளி நின்றாள்.

“நான் தொட்டா, வண்டியில ஏதோ பண்ணிட்டான்னு ஆயிடும். நீ பண்ணு. நான் சொல்றேன்.”

சின்னவள் பெடலுக்குப் பக்கத்தில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு சொன்னபடி செய்தாள். சிவப்பு சிவப்போடு. முறுக்கு. இன்னும். இப்போது டேப். பெடலை விரலால் அழுத்தியதும் காதுக்குள் ஒரு கத்தல் கத்தியது. அவள் தலை டேஷ்போர்டில் இடித்தது.

வலியில் கண்ணீர் வந்தது. அண்ணி ஆறடி தள்ளி நின்றபடியே, முதல் தடவையாக, சிரித்தாள்.

மூன்று மணிக்கு மாஸ்டர் இறங்கி வந்தார். விண்ணப்பம் சட்டைப் பையில் மடித்து இருந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டார். அண்ணி கண்ணாடியைச் சரிசெய்தாள். சின்னவள் அட்டையில் புதுத் தாள் வைத்தாள். பஸ்ஸர் விஷயத்தை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அவர் காலைப் பார்த்துக்கொள்வார், சோதனை அண்ணிக்கு இல்லாமல் அவருக்கு ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகப்போகிறது என்பது பேக்கரி முனை வரும்போதுதான் உறைத்தது.

பஸ்ஸர் கத்தியது. வண்டி ஜெர்க் அடித்தது.

பத்து.

என்ன சத்தம் என்றார் மாஸ்டர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஒயர் ஏதோ இளகியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். சின்னவள் பேனாவைத் தாளில் வைத்தாள். ஒரு கோடு கிழித்தால் பத்து. இன்னொன்று விழுந்தால் முடிந்தது.

பள்ளிக்கூட வாசலுக்கு இருபதடி முன்பாக, பஸ்ஸர் மறுபடி கத்தியது. வண்டி மறுபடி மூக்கைக் குத்தியது.

மாஸ்டர் மருமகளின் காலைப் பார்த்தார். வருத்தத்தோடு, நியாயத்தோடு. “உன் காலுக்குத்தாம்மா கத்துது அது” என்றார்.

அண்ணியின் பின்கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக்குள் இறங்குவதை மட்டும் சின்னவள் பார்த்தாள். இப்போது பேசாவிட்டால் அப்புறம் எப்போதும் பேச வேண்டியதில்லை.

“அப்பா, அது உங்க பெடலுக்கு மட்டும்தான் கத்தும்.”

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பவில்லை.

“நான் அழுத்தலை” என்றார்.

பொய் சொல்கிற குரலே இல்லை. பொய் என்றால் பிடித்துவிடலாம். இந்த மனுஷர் சத்தியமாகத் தான் அழுத்தவில்லை என்று நம்புகிறார். ஷூவின் முன் நுனி இன்னும் பெடலில்தான் இருந்தது.

அண்ணி விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி, வண்டியை நிறுத்தினாள். நின்றதே தெரியாமல் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி பேசினாள்.

“மாமா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வச்சு, சம்மணம் போட்டு உக்காருங்க. மிச்சச் சுத்தை அப்படியே போயிட்டு வந்துடலாம். ஒரு ஜெர்க் வந்தாலும் நானே ஃபார்மைக் கிழிச்சுடறேன்.”

அந்த சீட்டில் உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. போலீஸ்காரர்கூடப் பேசியதில்லை.

மாஸ்டர் வெகுநேரம் கண்ணாடி வழியே பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் இறங்கிப் போயிருப்பார்கள். ஆனால் அவர் நியாயமானவர். அதில் ஒரு சிக்கல், நியாயமாக ஒன்றைக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. குனிந்து ஷூ லேசை அவிழ்த்தார். இரண்டு ஷூவையும் ஓரமாக வைத்தார். இடது சாக்ஸ் புதுசு மாதிரி இருந்தது. வலது சாக்ஸ் மட்டும் விரல்களுக்குக் கீழே நைந்து தோல் தெரிந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணி வண்டியை எடுத்தாள்.

சின்னவள் தாளின் நடுவில் ஒரு நெடுங்கோடு இழுத்தாள். இதற்கு முந்தைய இரண்டு ஜெர்க்கையும் வலது பக்கம் போட்டு, மேலே அப்பா என்று எழுதினாள். இடது பக்கத்தைக் காலியாக விட்டாள்.

பள்ளிக்கூட வாசல் கடந்தது. ஒன்றுமில்லை. மேம்பாலத்தில் ஏறிச் சரிவில் இறங்கினார்கள். வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி இறங்கியது. ஆனால் மாஸ்டரின் வலது முழங்கால் ஒரு துள்ளல் துள்ளி, பக்கத்துக் கதவில் டக் என்று இடித்தது.

ஆஸ்பத்திரி வளைவு. டக்.

தபால் நிலையத்துக்கு முன். டக். பின். டக்.

சின்னவள் வலது பக்கத்தில் கோடுகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். கால் போக வழியில்லாமல் மடக்கிக் கட்டிப்போட்ட இடத்திலிருந்தே அழுத்திக்கொண்டிருந்தது. ஐந்தாவது துள்ளலுக்குப் பிறகு மாஸ்டர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். யாரோ அவர் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு வலது கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டி முனையில் ஒரு சைக்கிள்காரர், எந்தப் பக்கமும் பார்க்காமல், வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி குறுக்கே வந்தார். அண்ணியின் கால் இறங்கியது. வண்டி தணிந்து, நின்று, அவர் போனதும் ஓடியது. சைக்கிள்காரருக்குத் தான் தப்பித்ததே தெரியாது. மாஸ்டரின் முழங்கால், மேலிருந்த கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு துள்ளியது.

அதற்குப் பிறகு டிரைவிங் ஸ்கூல் வாசல் வரை, இன்னும் ஐந்து துள்ளலிலும், அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி நின்றது. எத்தனை என்று அவர் கேட்கவில்லை. சின்னவளே சொன்னாள். சீட்டுக்கு மேல் கால் போன பிறகு வண்டி அடித்த ஜெர்க், பூஜ்யம். முழங்கால், பதினொன்று.

“ரோடு காலியா இருந்துச்சு” என்றார் மாஸ்டர்.

அவர் ஷூவை மாட்டிக்கொள்ளவே நாலு நிமிஷம் ஆனது.

*

அலுவலக மேஜையில் விண்ணப்பத்தை விரித்தபோது மணி மூன்றே முக்கால். மாஸ்டர் கணக்கைச் சத்தமாகப் போட்டார். காலையில் ஒன்பது. மதியம், ஒயர் கோளாறில் வந்ததைத் தள்ளினால், பூஜ்யம். ஆக ஒன்பது. பத்துக்குள். தேர்ச்சி. காலை ஒன்பது யாருடையது என்று சின்னவள் கேட்க வாயெடுத்தாள். அண்ணி மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கையெழுத்துப் போட்டார். பெரிய, வளைந்த, முப்பத்தொரு வருஷக் கையெழுத்து. போட்டதோடு நிற்கவில்லை. பயிற்சியாளர் குறிப்பு என்று கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருந்தது. வழக்கமாக அவர் அதில் ஒன்றும் எழுதுவதில்லை. இன்று முகம் மலர, நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதி முடித்து, தாளை மருமகள் பக்கம் திருப்பி வைத்தார். பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

அண்ணி படித்தாள். சின்னவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

‘அக்கரை ஆட்களுக்கு இயல்பாக உள்ள கால் பாரம் இவரிடம் அறவே இல்லை. இவர் ஒரு விதிவிலக்கு.’

“இந்த வரி வேண்டாம் மாமா.”

அவருக்குப் புரியவில்லை. நல்லதுதானே எழுதியிருக்கிறேன் என்றார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் இப்படி எழுதியதில்லை என்றார். ஆறு மாசமா நம்ம வீட்டில் இருக்கிறாய், பழகப் பழகத்தானே தெரியும், நீ வேற அவங்க வேற என்றார். அவர் கண்ணில் நிஜமான பிரியம் இருந்தது. சின்னவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

“எனக்கு நல்லதுதான் மாமா. நாளைக்கு இந்த வண்டியில ஏறப்போற பொண்ணுங்கள்ல பாதிப் பேரு அக்கரை. அவங்க ஒவ்வொருத்திக்கும் ஒரு விதிவிலக்கு எழுதுவீங்களா? இல்ல, எல்லாரையும் ஆறு மாசம் வீட்டுல வச்சுப் பாப்பீங்களா?”

மாஸ்டர் பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார்.

“அந்த வரியை அடிக்கணும்னா நீங்கதான் அடிக்கணும். பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. நான் அடிச்சா செல்லாது.”

வருஷம் பூராவும் வீட்டில் இருப்பதா, இந்த வரியோடு நாளைக்கே வேலைக்குப் போவதா. அண்ணி ஏன் இதில் போய் நிற்கிறாள் என்று சின்னவளுக்கு ஒரு நொடி பதறியது. கையெழுத்துதான் விழுந்துவிட்டதே, வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன? அடுத்த நொடி சுவரில் ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் தாளை எடுத்து மறுபடி படித்தார். எந்த இடத்தில் தப்பு என்று தேடினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

மணி நாலேகால் ஆனது. லைசென்ஸ் அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். இந்த நேரத்துப் போக்குவரத்தில் அரைமணி. அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க மாமா. போற வழியில யோசிங்க. அந்த வரியோட குடுக்கறதுன்னா நான் அங்க கவுன்ட்டர் ஜன்னல் வரைக்கும் வரமாட்டேன். திரும்பி வந்துடலாம்.”

மிரட்டல் மாதிரியே இல்லை. பேருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மாஸ்டர் தாளும் பேனாவுமாக வெளியே வந்தார். அண்ணி ஏறி, பெல்ட் போட்டு, இன்ஜினை உயிர்ப்பித்தாள். அவர் வழக்கம் போல் முன் கதவுப் பிடியில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. உள்ளே பெடல் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னவள் வாசலில் நின்று பார்த்தாள். ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமல் அவரே செய்தால்தான் உண்டு.

மாஸ்டர் கையை எடுத்தார். இரண்டடி பின்னால் வந்தார். பின் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, பழக்கமில்லாதவர் மாதிரி தட்டுத்தடுமாறி ஏறினார். சொந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்து அந்த வாசல் பார்த்ததில்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

வண்டி கிளம்பித் தெருமுனைக்குப் போனது. பின் கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது. முதலில் நேராக இருந்தது. பிறகு மடியைப் பார்த்துக் குனிந்தது. பேனா பிடித்த கை மேலே வந்து, அப்படியே நின்றது.

பேக்கரி முனையில் திரும்பும்வரை சின்னவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கை இறங்கியதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வண்டி மட்டும் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. வரியை அடிப்பதானாலும் சரி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் சரி, வசதியாகத்தான் இருந்திருக்கும்.